நாற்பத்திரண்டு வீட்டு ஒரு வாய்

“ஒண்ணர கிலோவா? எங்க வூட்டு பிரியாணியச் சொல்றியா? அதுல கறியே இல்லப்பா! வெறும் எலும்பு!”

நலச்சங்கத் தலைவர் சிட்டிபாபு மேசையைக் குத்தியதில் மைக் கவிழ்ந்தது. செயலாளர் கோகிலவாணி எழுந்து, “அண்ணா, என்னோட சாமைப் பாயசத்துல சர்க்கரையே கிடையாது. ப்யூர் ஹெல்த்தி. அத மினிட்ஸ்ல போடுங்க” என்றார். மினிட்ஸ் எழுத வேண்டியவரும் அவரேதான்.

உலகில் குத்துச்சண்டை தோன்றிய நாள்முதல், ஒரு வீராங்கனையின் தோல்வியை இத்தனை அக்கறையோடு ஆராய்ந்த ஊர் கிழக்குத் தாம்பரம் சந்திரோதயம் நகரைத் தவிர வேறொன்றில்லை. இதை எந்த மேடையிலும் சொல்ல நான் தயார். மேடை கொடுத்தால் போதும்.

தோற்றவள் ஜெரூஷா. மூன்றாம் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் செல்வமேரியின் மகள். ஐம்பத்து நான்கு கிலோ எடைப்பிரிவு. மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை; அதற்காக ஆறு வருடமாக விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்தாள். (எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், யாரோடு ஓடுகிறாள் என்பதை என் ஜன்னல் அறியும்.) இறுதிச் சுற்றில் எதிரே நின்றவள் வண்டலூர் விஷ்ணுப்ரியா. ஜெரூஷாவிடம் ஏற்கெனவே மூன்று முறை அடிவாங்கி, மூன்று முறையும் “தேங்க்ஸ்க்கா” சொல்லிவிட்டுப் போன நல்ல பெண். ஆகவே வெற்றி உறுதி. உறுதி என்பதால்தான் சங்கம் பாராட்டு விழாவைப் போட்டிக்கு முதல் நாளே வைத்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஞாயிறு காலை போட்டி. ஞாயிறு மாலை தலைவருக்குக் குன்றத்தூரில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தம். அதற்கடுத்த வாரம் கோகிலவாணி ஊட்டி டூர். சனிக்கிழமைதான் ‘அனைவருக்கும்’ வசதி. ஜெரூஷாவை யாரும் கேட்கவில்லை. அவள் எப்படியும் வரத்தானே வேண்டும்? ஃபிளெக்ஸில் “தங்கம் வென்று வந்த சிங்கப்பெண்ணே” என்று அச்சாகிவிட்டது. இறந்தகாலத்தில் அச்சடித்தபின் எதிர்காலம் அடங்கித்தானே நடக்க வேண்டும்?

விழாவில் செல்வமேரி மெதுவாகத்தான் சொன்னாள். “அண்ணா, காலைல ஏழு மணிக்கு எடை பாப்பாங்க. அம்பத்தி நாலு தாண்டக் கூடாது. அதான் ரெண்டு நாளா கஞ்சி மட்டும் குடிக்குது.”

“கஞ்சியா!” சிட்டிபாபு நெஞ்சில் கை வைத்தார். “நாளைக்குக் குத்தப் போற புள்ளைக்குக் கஞ்சி ஊத்துறியே, நீயெல்லாம் இன்னாம்மா பெத்த தாயி?”

எங்கள் நகரில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கோ இண்டர்வியூவுக்கோ யார் கிளம்பினாலும், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வாய் ஊட்டித்தான் அனுப்புவோம். ஆபரேஷனுக்குப் போன பக்தவச்சலம் சாரையும் அப்படித்தான் அனுப்பினோம். வெறும் வயிற்றோடு வரவில்லை என்று ஆஸ்பத்திரி அவரைத் திருப்பி அனுப்பியது. அது ஆஸ்பத்திரியின் பண்பாட்டுக் குறைபாடு.

“ஒரு வாய்தானே” என்றார் சிட்டிபாபு, பிரியாணியை உருட்டி. “ஒரு வாய்தானேமா” என்றார் கோகிலவாணி, பாயசத்தோடு. ஒவ்வொரு வீடும் ஒரு வாய்தான் கொடுத்தது; வீடுகள் நாற்பத்திரண்டு என்பதற்கு எந்த வீடும் பொறுப்பல்ல. என் ரவாலட்டை நானே ஊட்டினேன். அது ஒரு வாய்க்குள் அடங்காததால் மீதியைக் கையில் கொடுத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கடமை முக்கியம்.

மறுநாள் காலை எடைக்கருவி ஐம்பத்தைந்தரை காட்டியது.

இந்த விவரம் திங்கட்கிழமை கூடிய ‘தோல்விக் காரண ஆய்வுக் கூட்டத்தில்’ மிகத் தாமதமாகவே வெளிவந்தது. அதற்குமுன் இரண்டு மணி நேரம் கண்ணேறு, சிவப்புக் கையுறையின் ராசி, செல்போன் என்று பல கோணங்களில் அலசினோம். “லவ் ஏதாவது இருக்கா?” என்ற கோணத்தை நான்தான் முன்மொழிந்தேன். பிறகுதான் பயிற்சியாளர் சுந்தர்சிங் எழுந்தார்.

“ஒண்ணர கிலோ, சார். அதான் காரணம். ரெண்டு ஸ்வெட்டர், அதுமேல ரெயின்கோட்டு போட்டு ஒண்ணர மணி நேரம் ஸ்கிப்பிங் ஆட வெச்சேன். ஒரு சொட்டு தண்ணி குடுக்கல. எச்சில் கூட துப்பிக்கினே ஆடுச்சு. எடை எறங்கிச்சு. கூடவே தெம்பும் எறங்கிச்சு. மூணாவது ரவுண்டுல கால் புடிச்சுகிச்சு. அந்த விஷ்ணுப்ரியாவே பயந்துபோயி, ‘அக்கா, ஒடம்பு சரியில்லையா?’ன்னு கேட்டுகினே குத்துச்சு, சார்.”

அப்போதுதான் மைக் கவிழ்ந்தது.

அதன்பின் நடந்ததை அறிவியல் அதிசயம் என்றே சொல்வேன். சனிக்கிழமை நெய்யில் மிதந்த பொங்கலில் திங்கட்கிழமை நெய்யே இல்லை. அல்வா வெறும் கோதுமைத் தண்ணீர். “என் லட்டு கோலிக்குண்டு சைஸ்” என்று நானும் வாக்குமூலம் கொடுத்தேன். நாற்பத்திரண்டு வீட்டு உணவையும் கூட்டிப் பார்த்தால் ஜெரூஷா நான்கு கிலோ இளைத்திருக்க வேண்டும்.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். இரண்டு நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“நான் நாப்பத்திரெண்டு பேர்கிட்டயும் வேணாம்னு சொன்னேன், சார்.”

சிட்டிபாபு கனிவோடு சொன்னார்: “சொன்னே கண்ணு, இல்லங்கல. ஆனா சிரிச்சுகினே சொன்னியே!”

“மூஞ்சத் தூக்கி வெச்சுகினு சொல்லியிருந்தா?”

“திமிரு புடிச்சவன்னு சொல்லியிருப்போம்” என்றார் தலைவர். பொய் பேசியறியாத மனிதர்.

“அந்த வேலைக்கு இந்த வருஷத்தோட ஆள் எடுத்து முடிச்சிருவாங்க, சார்” என்றாள். அது ஆய்வுக்கு அப்பாற்பட்டது என்பதால் மினிட்ஸில் ஏறவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: “வீராங்கனையிடம் மறுக்கும் திறன் போதாமையே தோல்விக்குக் காரணம். நகர மக்களின் அன்புக்கு இதில் யாதொரு பங்குமில்லை.” பிறகு பஜ்ஜி வந்தது. முதல் தட்டை அவளிடம்தான் நீட்டினோம். வாங்காமல் போய்விட்டாள். மறுக்கும் திறன் அதற்குள் வந்துவிட்டதைக் கண்டு மகிழ்ந்தோம்.

விஷ்ணுப்ரியாவுக்கு ரயில்வே வேலை கிடைத்தது. அரக்கோணத்தில் கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். செல்வமேரி அடுத்த மாதமே கடையைக் காலி செய்தாள். பெரும்பாக்கம் பக்கம் என்றார்கள் சிலர், வண்டலூர் தாண்டி என்றார்கள் சிலர். தாம்பரத்தில் யார் வீட்டுக்கு எப்போது சிலிண்டர் வரும் என்று சொல்லக்கூடிய எனக்கே பிடிபடவில்லை. மறுவருடம் மாநிலத் தங்கம் ஜெரூஷாவுக்கு. எடை ஐம்பத்து மூன்றே முக்கால் என்று கேள்வி. அதற்கடுத்த வருடம் வேறொரு துறையில் வேலையும், ஜெபகுமார் என்ற பையனோடு கல்யாணமும். எங்களில் ஒரு வீட்டுக்கும் பத்திரிகை வரவில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் செல்வமேரியை மடக்கினேன். “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லலியே! நாங்க என்ன வேத்து மனுஷங்களா? அட்ரஸாவது குடு, வந்து பாத்துட்டுப் போறோம்.”

“குடுக்கறேன் ஜெயஸ்ரீக்கா” என்று சிரித்தாள். “அடுத்த மாசம் அவளுக்கு நேஷனல்ஸ். அது முடியட்டும்.” பஸ் ஏறிவிட்டாள்.

ஜெரூஷாவின் தங்கத்துக்குச் சந்திரோதயம் நகர்தான் காரணம் என்று சிட்டிபாபு ஒவ்வொரு கூட்டத்திலும் முழங்குகிறார். நானும் கைதட்டுகிறேன். அதில் பொய்யில்லை. நாங்கள் இல்லாத இடமாகப் பார்த்துத்தானே குடிபோனாள்!