பசை காயும் வரை

இந்த விடுமுறையில் மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்துவிட்டார். சும்மா எடுக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார்.

காரணம் இருக்கிறது. ஊரில் மற்ற மாப்பிள்ளைகளுக்கு மாமியார் வீட்டில் விருந்து. இவருக்கு வேலை. போன தடவை தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். அதற்கு முந்தின தடவை பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். "மாப்பிள்ளை கை பட்டா போதும்" என்று மாமியார் ஆரம்பித்தாலே இவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அதற்காக "வரமாட்டேன்" என்று மனைவியிடம் சொல்ல முடியுமா? அந்தத் தைரியம் இருந்திருந்தால், தைரியசாலி என்று ஊருக்குக் காட்ட அவர் ஜீப்பே வாங்கியிருக்கமாட்டார். காடு மேடெல்லாம் ஏறும் என்று வாங்கிய ஜீப். இதுவரை அது ஏறிய பெரிய மேடு தெருமுனை வேகத்தடைதான்.

கடைசியில் அந்த ஜீப்தான் வழி காட்டியது. ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில் கதவு பீடிங் வாங்கி வந்து வாசலில் பரப்பினார். பக்கத்து வண்டிக்காரன் கதவைத் திறந்து இடித்தாலும் கீறல் விழாமல், கதவின் குறுக்கே நீளமாக ஒட்டுகிற கறுப்புப் பட்டை.

மனைவி பையோடு வந்து நின்றாள்.

"கிளம்பற நேரத்துல என்னங்க இது?"

"கதவுக்குப் பாதுகாப்பு. இன்னிக்கே ஒட்டியாகணும்."

"சரி, ஒட்டிட்டுக் கிளம்பலாம்."

"அங்கதான் விஷயமே இருக்கு. பசை காயற வரைக்கும் வண்டி அசையக் கூடாது."

"எவ்வளவு நேரம்?"

பீடிங் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு நாள் என்று போட்டிருந்தது. அவர் மெதுவாகப் பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மூணு நாள்."

"லீவே மூணு நாள்தானே?"

"நான் என்ன பண்றது? பசைக்கு லீவு கணக்கெல்லாம் தெரியுமா?"

வானம் இடியப் போகிறது என்று காத்திருந்தார். இடியவில்லை. மனைவி பையைக் கீழே வைத்தாள். "நூல் பிடிக்கவா? கோடு கோணலாப் போயிடப் போகுது" என்றாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

சுதாரிக்கவில்லை. வேலை அவரை இழுத்துக்கொண்டது. கதவைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். நூல் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். பட்டையின் முதுகுத்தாளை உரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தினார். கோடு பிசகவில்லை! பொய்க்காக ஆரம்பித்த வேலை இவ்வளவு அழகாக வரும் என்று அவரே நினைக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது.

"பிரமாதங்க! அப்படியே நில்லுங்க, அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பறேன். வரலைன்னா காரணம் சொல்லணுமே."

நின்றார். சிரித்தார். நின்றதோடு விட்டாரா?

"அத்தைகிட்ட சொல்லு, நான் ஒட்டினா ஒட்டினதுதான். கால் போன நாற்காலியக் குடுத்தாக்கூட ஒட்டிடுவேன்."

"அப்படியா? அப்படியே சொல்லிடறேன்" என்றாள் மனைவி.

மத்தியானம் சோபாவில் காலை நீட்டி, உலகத்தையே ஜெயித்துவிட்ட நிம்மதியில் கண்ணை மூடினார். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியது மாமியார். அவர் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கியவை: கால் போன நாற்காலி, கைப்பிடி போன இழுப்பறை, கதவு கழன்ற அலமாரி.

"அத்தை, நீங்க எப்படி இங்க?"

"வண்டிதானேங்க அசையக் கூடாது? அம்மா அசையலாமே" என்றாள் மனைவி.

"மாப்பிள்ளை கை பட்டா போதும்" என்று மாமியார் நாற்காலியை அவர் முன்னால் சாய்த்தார்.

 மாப்பிள்ளை அவசரமாக மனைவியை அடுக்களைக்கு இழுத்துப்போனார்.

"இப்பதான் ஞாபகம் வருது. அந்தப் பசை ஒரே நாள்ல காஞ்சிடும். அத்தையை நாளைக்குக் காலையிலயே நானே கொண்டுபோய் விட்டுடறேன்."

நசுங்கிப்போன அட்டைப்பெட்டியை மனைவி அடுக்களை மேடையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு நாள்னு நானும் படிச்சேங்க. ஆனா புருஷன் பேச்சைத் தட்டலாமா? அம்மாகிட்ட மூணு நாள்னே சொல்லிட்டேன்."