இரண்டு விரல் இடப்பக்கம்

காருவாரு,
ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை.

போர்ச்சுகலில் இருக்கும் மகன் ஜெனிவாலுக்கு,

பெற்றவள் கியோமார் உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் கடவுளிடம் விசாரிப்பதில்லை, பக்கத்து வீட்டுக் கிரெவூசாவிடம் விசாரிக்கிறேன். அவள் போனில்தான் உன் படமெல்லாம் வருகிறதாம். எனக்கு நீ அனுப்புவது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் மஞ்சள் பொம்மை ஒன்றுதான். பண்டிகைக்கு வருகிறாயா என்று கேட்டால் கட்டைவிரல். எனக்குக் காய்ச்சல் என்று அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல். எழுத்துத் தெரியாதவர்கள்தான் கட்டைவிரலை வைப்பார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் பெற்ற பிள்ளை நீ, நாலு வரி எழுதலாம். அதைச் செய்துகாட்டத்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் பெருமைகள். உன் அக்காள் மகன் வெலிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் பழப் பகுதிக்குப் பொறுப்பாளன் ஆகிவிட்டான், சட்டையில் பெயரைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அவனுக்குக் கீழே வாழைப்பழம் அடுக்குகிறவன் காலேஜ் முடித்தவன். அவன் தங்கை ஜமீலி நர்ஸ் படிப்பில் தேறிவிட்டாள், முதல் ஊசியை எனக்குத்தான் போட்டாள், கை ஒரு வாரம் தூக்க முடியவில்லை, வலிக்கவே இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அங்கே உனக்குப் பிறந்திருக்கிற சின்னவனுக்குப் பல் முளைத்திருப்பதாகக் கிரெவூசா சொன்னாள். அவன் பிறந்ததையும் அவள்தான் சொன்னாள். பல் முளைப்பதும் சாதனைதான், மற்றவர்களோடு அவனையும் சேர்த்துக்கொண்டேன். கடைசியாக உன் மூத்த மகள் தைனாரா. நீ விட்டுப்போன சிவப்பு மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு சர்ச் முனையிலிருந்து சந்தைத் திடல் வாசல்வரை போவாள். நம் தெருப் பையன்கள் வீலிங் போனால் குடித்தவன் வீடு திரும்பிய தடம் மாதிரி இருக்கும். இவள் போன தடத்தில் நான் துணி வெட்டலாம், அவ்வளவு நேர். பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைதான், வேறு எதற்குச் சொல்வேன்.

தெருவில் வீலிங் போனால் போலீஸ் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் நகராட்சியே இந்த ஜூன் மாதம் புனித யோவான் பண்டிகைக்குச் சந்தைத் திடலில் இரண்டு வெள்ளைக்கோடு போட்டு ஒரு தடம் ஒதுக்குகிறது. கோட்டைத் தொடாமல், முன்சக்கரத்தை இறக்காமல், கடைசிவரை நேராகப் போகிறவரை ஊர் ஊராகச் சாகசம் காட்டுகிற குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். மாதச் சம்பளம், முறையாகக் கையெழுத்துப் போட்ட வேலை அட்டை, நல்ல ஹெல்மெட். காலையிலிருந்து ஜீன்ஸ் கால்சட்டையில் பிசிறு நூல் வெட்டி வெட்டி விரல் நீலம் பாரித்துப் போன பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிது என்று ஒரு தகப்பனுக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும், உனக்கு விளக்கி எழுத வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லோரையும் தடத்தில் விடமாட்டார்கள், முன்பே ஓட்டுவதைப் பார்த்துப் பட்டியலுக்குப் பெயர் எடுப்பார்கள், பெண்பிள்ளைகள் பெயரை எடுத்ததே இல்லை. அதனால் நான் மெக்கானிக் பியுவை மெழுகுவத்தி பிடிக்கச் சொல்லி, இரண்டு பேருமாகப் புனித யோவான் சுரூபத்தின் முன்னால் முழங்காலில் நின்றோம். இவள் பெயர் வந்தால் அந்தச் சிவப்பு வண்டியைத் தலையிலிருந்து வால்வரை ஒரு குறை இல்லாமல் செய்து வைக்கிறேன், அதன்பிறகு என் வீட்டில் உண்டு உறங்குகிற யார் கையாலும், இந்தப் பியு கையாலும், அதற்கு ஒரு சேதம் வரவிடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். பியு ஆமென் சொன்னான். பெயர் வந்துவிட்டது. புனிதர் தன் பங்கைச் செய்துவிட்டார், அவர் உன்னைப்போல இல்லை. இனி என் பங்கு. தைனாரா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பியுவின் பட்டறைக்குப் போனேன்.

அவன் குனிந்து பார்த்தான், படுத்தும் பார்த்தான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அம்மா. பின்சக்கரத்தைப் புடிச்சிருக்கிற இரும்புக் கைதான் ரெண்டு விரல் இடப்பக்கமா முறுக்கிக்கிட்டு நிக்குது. யாரு இப்படி அடிச்சது?"

"என் மகன்."

"நல்ல பலசாலிதான்."

"அவன் எங்க பலசாலி. சர்ச் படிக்கட்டு பலசாலி."

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. உன் மகளுக்கு முதல் நற்கருணை. வெள்ளை உடுப்பில், கையில் மெழுகுவத்தியோடு அவள் படியில் நிற்கிறாள். தகப்பன் வருகிற அழகை ஊர் பார்க்கட்டும் என்று சரிவில் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ஊர் பார்த்தது. வண்டி சுழன்று பின்பக்கம் போய் முதல் படியில் மோதியது, பாதிரியார் கையிலிருந்த தூபக்கலசம் தெறித்தது, பிள்ளையின் மெழுகுவத்தி அணைந்தது. இடுப்பில் அடிபட்டு அன்று வலப்பக்கம் சாய்ந்த நீ அதன்பிறகு நிமிரவில்லை. சுவரில் மாட்டியிருக்கிற உன் படத்தில்கூட அப்படித்தான் நிற்கிறாய். கிரெவூசா வரும்போதெல்லாம் படம் கோணலாகத் தொங்குகிறது என்று சட்டத்தை நகர்த்துகிறாள். சட்டம் நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அந்த மாதமே, "வண்டிய சரிபண்ணக் காசு சேத்துக்கிட்டு வந்துர்றேம்மா" என்று சொல்லி விமானம் ஏறினாய். வண்டியைச் சரி பண்ணுகிற அளவுக்குக்கூடக் காசு தராத நாட்டில் எதற்கு மகனே இத்தனை வருடம் இருக்கிறாய்.

பியு சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டுத் தயங்கினான். "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா அம்மா?" என்றான். "நேந்துக்கிட்டது நானா அவளா?" என்றேன். அவன் நெருப்பில் காட்டி, தட்டி, நூல் பிடித்துப் பார்த்து நிமிர்த்திக் கொடுத்தான். புதுப்பெண் மாதிரி நின்றது வண்டி. சாயங்காலம் தைனாரா ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பாட்டி, வண்டி என்னமோ மாதிரி இருக்கு?"

"நல்லா இருக்கு. நல்லா இருந்து நீ பாத்ததில்ல, அதான்."

சனிக்கிழமை மத்தியானம் தெருவே வந்து நின்றது. நானே எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். தைனாரா இரண்டாவது கியரில் போட்டு, சீட்டின் பின்கோடியில் உட்கார்ந்து, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைத் திருகினாள், முன்சக்கரம் எழுந்தது, நான் கை தட்டினேன், கை தட்டி முடிப்பதற்குள் அவள் தெருவில் இல்லை. வலப்பக்கம் திரும்பி, சலவைப் பட்டறை வளாகத்துக்குள் புகுந்து, காயப்போட்ட ஜீன்ஸ் வரிசை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போய்விட்டாள். ஈரக் கால்சட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து அவளை உதைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு அடி ஒன்றும் இல்லை, முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். ஹேண்டில்பாரில் ஒரு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பின்னால் பறக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். சலவைக்காரர் சத்தம் போடவில்லை. கால்சட்டையை உருவிக்கொண்டு, "உங்க அப்பன் மாதிரியே வர்றியே" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருக்கலாம்.

மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் வலப்பக்கம். பியு வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"இத்தன நாளும் வண்டி இடப்பக்கம் இழுத்துச்சு, பொண்ணு வலப்பக்கம் சாஞ்சு சாஞ்சு புடிச்சுச்சு, ரெண்டும் சேந்து நேராப் போச்சு. இப்ப வண்டி இழுக்கல அம்மா. பொண்ணு மட்டும் சாயுது."

"அப்ப சாயாம உக்காரச் சொல்லு."

"நேரா உக்காந்திருக்கோம்னுதான் அது நெனச்சுக்கிட்டிருக்கு."

உண்மைதான். பழகின நாளிலிருந்து வலது இடுப்பு சீட்டுக்கு வெளியே தொங்கத்தான் அவள் ஓட்டுவாள். அது ஏதோ ஸ்டைல் என்று நினைத்துத் தெருப் பையன்களும் போன வருடம் தங்கள் நல்ல வண்டிகளில் அதேபோல இடுப்பைத் தொங்கவிட்டார்கள். ஒருவன் விடாமல் எல்லோரும் வலப்பக்கச் சாக்கடைக்குள் போனார்கள். அப்போதே யாராவது யோசித்திருக்கலாம். வலது பாதம் எப்போதும் பின்பிரேக்கின் மேல் இருக்க வேண்டுமாம், வண்டி அளவுக்கு மேல் எழுந்தால் அதை மிதித்துத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மல்லாந்துபோவாள். வண்டி இழுத்த இழுப்புக்கு ஈடாக, அந்தக் காலை நம்பியே உடம்பும் அந்தப் பக்கம் சாய்ந்து பழகிவிட்டது. மறக்க ஒரு வருடமாவது ஆகும் என்கிறான் பியு. புனித யோவான் ஒரு வருடம் காத்திருக்க மாட்டார்.

கிரெவூசா ஒரு யோசனை சொன்னாள், இடப்பக்கம் ஒரு பயறு மூட்டையைக் கட்டினால் சரியாகிவிடும் என்று. கட்டினோம். மூட்டை அறுந்து தெரு முழுக்கப் பயறு இறைந்தது, புறாக்கள் இறங்கின, பின்னால் வந்த தபால்காரர் வழுக்கி விழுந்தார். இந்தக் கடிதம் தாமதமாக வந்தால் அதுதான் காரணம். பியு மெதுவாக, "நானே பழையபடி வளைச்சு விட்டுரட்டுமா?" என்று சுத்தியலைத் தொட்டான். "மெழுகுவத்தி புடிச்சது யாரு? ஆமென் சொன்னது யாரு?" என்றேன். சுத்தியலைச் சுட்ட மாதிரி கீழே போட்டான். நேர்ந்துகொண்டதைத் திரும்ப வாங்க முடியாது. புனிதர் கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டால் என்ன செய்வது.

தைனாரா என்னைத் திட்டவில்லை. அடுப்படியில் நின்று முழங்கையில் மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள், "அவரு எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்த வளைவு ஒண்ணுதான் பாட்டி. அதையும் தட்டி நிமித்திட்ட."

"வண்டியும் அவன் விட்டதுதானேடி" என்றேன்.

"வண்டிய விட்டுட்டுப் போகல. எடுத்துட்டுப் போக முடியல."

நான் சோளப்புட்டை இறக்கிவைத்தேன். அவள் சாப்பிடவில்லை. இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். நீ வளைத்தாய், நான் நிமிர்த்தினேன், நடுவில் அவள் விழுகிறாள்.

போகட்டும். அவள் என் ரத்தம், புதிதாகப் பழகிக்கொள்வாள், தினமும் விடிவதற்கு முன் திடலுக்குப் போகிறாள். நீ எதைச் சரிசெய்யப் போனாயோ அது இங்கே சரியாகிவிட்டது என்று தெரிவிக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இனி நீ இந்த ஊருக்கு வர ஒரு காரணமும் மிச்சமில்லை. வர வேண்டாம். அவளும் உன்னைக் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. உன் அறையில் தையல் மெஷின் போட்டுவிட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, அங்கேயுள்ள குளிர் உன் இடுப்பைத் தொடாமல் இருப்பதாக, நான் பார்த்திராத பேரனின் பற்கள் எல்லாம் வரிசையாக முளைப்பதாக. அவன் தாயாருக்கும் என் அன்பைச் சொல்லு, பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி எழுதியிருப்பேன்.

உன் அம்மா,
கியோமார்

பி.கு. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியதை விட்டுவிடு. இன்று காலையும் அவள் கோட்டைத் தாண்டி வேலியில் போய் நின்றாள். ராத்திரி என் நேர்ச்சையை வார்த்தை வார்த்தையாக யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் உண்டு உறங்குகிறவர்கள் கையால் சேதம் வரக்கூடாது, பியு கையால் வரக்கூடாது, அவ்வளவுதான் சொன்னேன். நீ இந்த வீட்டில் உண்டு உறங்கிப் பல வருடமாகிறது. பாதிரியாரிடம் கேட்டேன், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "அவன் வரட்டும் அம்மா, படி அங்கதான் இருக்கு" என்றார். ஆகவே பண்டிகைக்கு முன்னால் வந்து, அதே சரிவில், அதே படியில், அதே மாதிரி மோதிவிட்டுப் போ. ஒன்றைச் சரிசெய்யத்தான் உனக்கு வராது, இது உனக்கு வரும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக சர்ச்சுக்குப் போ, வண்டியை நான் அங்கே தள்ளிக்கொண்டு வந்து வைத்திருப்பேன், முதலில் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் நீயும் வீட்டு ஆளாகிவிடுவாய், எல்லாம் கெட்டுவிடும். மோதிய பிறகு வா, சோளப்புட்டு வைத்திருப்பேன், தையல் மெஷினை நகர்த்திக்கொள்ளலாம். தைனாராவிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதுவதைப் பார்த்து "அப்பாவுக்கா?" என்று கேட்டாள், பதிலுக்கு நிற்காமல் போய் வாசலைப் பெருக்கினாள். யாரும் சொல்லாமல் அவள் விளக்குமாற்றைத் தொடுகிறவள் இல்லை.

உண்மையிலேயே வர முடியாவிட்டால் கட்டைவிரலை அனுப்பாதே, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு. சுவரில் இருக்கிறதில் உன்னை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். இதில் கால் வரைக்கும் தெரிய வேண்டும், நிமிர்ந்து நிற்க முயற்சி செய்யாதே, நீ எப்படிச் சாய்வாயோ அப்படியே சாய்ந்து நில்லு, தான் எவ்வளவு சாய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, உன்னைப் பார்த்துப் பிள்ளை அளவெடுத்துக்கொள்வாள்.