காஜா பெராங்கின் மின்மூளை

உலக வரலாற்றை இனிமேல் இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: மலாக்கா காஜா பெராங் சாலைக்கு மின்மூளை வருவதற்கு முந்தைய இருண்ட காலம், வந்த பிறகான பொற்காலம். இந்தப் பேருண்மையை மனிதகுலத்துக்கு முதலில் அறிவித்த பெருமை, 'சுதந்திரச் சுடர்' நாளிதழின் மலாக்கா நிருபர் சேதுபதியையே சேரும்.

நாடு சுதந்திரம் பெற்ற அந்த ஆண்டில் எல்லாருக்கும் எல்லாமே புதிதாக வேண்டியிருந்தது. சேதுபதிக்கோ பழைய செய்திகளே கிடைத்தன. சாக்கடை அடைப்பு, கோயில் திருவிழா, தெங்கேராவில் லாரி மோதி ஆடு மரணம் என்று அவர் அனுப்பியவை, தைல விளம்பரத்துக்குப் போக மிஞ்சிய இடத்தில் வந்தன. ஆகவே, கருணாகரன் என்ற கம்பெனி விற்பனையாளர் அந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டுடன் வந்து, ஒரு கடைவீட்டில் அலமாரி அளவு இரும்புப் பெட்டியை இறக்கி, 'சிந்திக்கும் இயந்திரம்' என்று பலகை மாட்டியபோது, முதலில் போய் நின்றது சேதுபதியின் சைக்கிள்தான்.

பெட்டியின் முகமெங்கும் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள். விசையைத் தட்டியதும் உறுமியது.

"என்ன வேணும்னாலும் கேளுங்க சார்," என்றார் கருணாகரன்.

"மலாயாவோட எதிர்காலம் எப்படி இருக்கும்?"

பல்புகள் மின்னின. அடியிலிருந்த துவாரம் வழியே ஒரு சீட்டு விழுந்தது: 'முன்னேற்றம்'.

சேதுபதிக்குப் புல்லரித்தது. ஆனாலும் நிருபர் அல்லவா? கடுமையாகச் சோதித்தார்.

"ஏழும் எட்டும் எத்தனை?"

பெட்டி நெடுநேரம் உறுமியது. 'பதினாறு' என்றது சீட்டு.

"பதினைஞ்சு இல்லையா?"

கருணாகரன் இரக்கத்தோடு சிரித்தார். "பழைய கணக்குல பதினைஞ்சு சார். இது வரப்போற காலத்துக்கு யோசிக்குது."

பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பார்க்கலாமா என்று சேதுபதி ஒரு கணம் நினைத்தார். அதற்குள் அவர் கையில் ஒரு வழவழப்பான விளக்கப் புத்தகமும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஏறிவிட்டன. ஆராய்ச்சி ஆறாது, பிரியாணி ஆறிவிடும். வீட்டுக்குப் போய் இரண்டையும் முழுமையாக உட்கொண்டார்.

'கணிதத்தின் எல்லையைத் தாண்டியது மின்மூளை!' முதல் பக்கம். தலைப்புக்குக் கீழே அவர் பெயர்.

அதைப் படித்து முதலில் மெய்மறந்தவர், அதே சாலையில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்த நடராஜன். உடனே ஒரு பெட்டியை வரவழைத்தார். கணக்கப்பிள்ளை முகைதீனைக் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க பாய், இனிமே கணக்கை மெஷினே பாத்துக்கும். பேப்பர்லயே போட்டுட்டான்."

முகைதீன் சேதுபதியின் பக்கத்து வீட்டுக்காரர். அவருக்குச் சேதுபதி மனமார ஆறுதல் சொன்னார். "காலமாற்றம் பாய். நீங்க ஒரு சரித்திரத்துல பங்கெடுத்திருக்கீங்க."

"சரித்திரத்துல மதியச் சாப்பாடு உண்டாண்ணே?" என்றார் முகைதீன்.

மின்மூளை பொறுப்பேற்ற வேகத்தில், பத்து பெரெண்டாமில் மிளகாய் கேட்ட சாப்பாட்டுக் கடைக்கு ஒரு லாரி உப்பு போய் இறங்கியது. உப்பு கேட்டவருக்கு 'முன்னேற்றம்' என்று ஒரு சீட்டு மட்டும் போனது. நடராஜன் ஓடிவந்து முகைதீனை மறுபடி அழைத்துப் போனார், பாதிச் சம்பளத்தில். பதவியின் பெயர் 'மின்மூளை உதவியாளர்'.

மறுவாரமே முகைதீன் வேலியோரம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"முன்னெல்லாம் கணக்கை ஒரு தடவை போடுவேன். இப்ப நான் போடணும், அதுவும் போடும், அது போட்ட தப்பைத் தேடித் திருத்தி மறுபடி நானே போடணும். ரொம்ப சுசாண்ணே, ஒரே கஷ்டம்! அது வெறும் தகரம். நீங்கதானே எழுதுனீங்க, இதையும் எழுதுங்க."

சேதுபதிக்குச் சுருக்கென்றது. உண்மையாகவே எழுத உட்கார்ந்தார். 'அது வெறும் தகரம்' என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதிய மிக நல்ல வாக்கியம் அதுதான். அவருக்கே அது தெரிந்தது. ஆனால் பத்திரிகை தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! இரு தரப்பையும் கேட்க வேண்டும். ஆகவே கருணாகரனிடம் ஒரு முறைக்கு இரு முறை கேட்டார்.

"பாத்தீங்களா சார்?" என்று கருணாகரன் குதித்தார். "மெஷின் வேலையைப் பறிக்கும்னு பயந்தாங்க. இது புதுசா வேலையே உண்டாக்குது!"

'வேலை வழங்கும் மின்மூளை!' மறுபடி முதல் பக்கம். பெட்டிக்குப் பக்கத்தில் முகைதீன் சிரிக்கும் படம். படம் எடுத்தவர் சிரிக்கச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து வேலியோரத்தில் பேச்சு நின்றது. "பாய் வீட்டு ரஹீமா என் முகத்தைப் பாக்காம கதவைச் சாத்துறா. அவ புருஷன் சோத்துலயா உங்க பேரு பெருசா வரணும்?" என்று சேதுபதியின் மனைவி ருக்மணி கேட்டாள். சேதுபதி மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அடுத்த கட்டுரைக்கான விளக்கப் புத்தகம் வந்திருந்தது.

கோலாலம்பூரிலிருந்து பத்திரிகை ஆசிரியர் நல்லையா, முனைக் காப்பிக்கடைக்கு டெலிபோன் போட்டார். சேதுபதி ஈரத் தலையோடு ஓடினார். பதவி உயர்வாகத்தான் இருக்கும்.

"சேதுபதி, உங்க கட்டுரையையும் கம்பெனி புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பாத்தேன். ஒரு கமா கூட மாறல."

"நன்றிங்க. தப்பு வந்துடக் கூடாதுன்னு ரொம்பக் கவனமா இருப்பேன்."

"கம்பெனிக்காரங்க இனி நேராவே அனுப்பறாங்களாம். விளம்பரமும் தர்றாங்க. நீங்க சிரமப்பட வேணாம்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"எப்பவுமே."

வீடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்ததுமே ருக்மணிக்கு விளங்கிவிட்டது. என்ன இருந்தாலும் புருஷன். அவள் குரல் தணிந்தது.

"கடைசியில அந்த மெஷின் உங்க வேலையையும் எடுத்துக்கிச்சா?"

சேதுபதி நாற்காலியில் சரிந்தார்.

"இல்ல ருக்மணி. என் வேலைக்கு மெஷினே தேவைப்படலையாம்."