நேம்பிளேட்டின் டிபன் டப்பா

மனித முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே ஐம்பத்தெட்டு வயதை எட்டியவர் பெங்களூரில் ஒருவர்தான் உண்டு. அவர்தான் நாங்கள் 'நேம்பிளேட்' என்று கூப்பிடும் ஆள். முகம் எதற்கு? மோட்டாரின் உடம்பில் திருகியிருக்கும் நேம்பிளேட் தகட்டைப் படித்தால் அதன் ஜாதகமே தெரிந்துவிடும். மனிதர்களுக்கு அந்த வசதி இல்லையே என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

ஹெப்பகோடியில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர் மின் பராமரிப்பு. நான் கொள்முதல், அதாவது ஏசி அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவன்.

ஆடுகோடியில் ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார் வருகிற நேரத்தில் பக்கத்து இலையில் ஆளைக் காணோம். தேடிப் போனால், சமையல்கட்டில் கிரைண்டருக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தார். என் புதுவீட்டுக்கு வந்தபோது நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். திரும்பி வந்து என் மனைவியிடம் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்: "அரை ஹெச்பி போதும்மா. சார் ரெண்டு ஹெச்பி வாங்கி வச்சிருக்காரு. தெனம் கரண்டு வீண்." மனைவி அதை மறக்கவில்லை. என்னையும் மறக்க விடவில்லை.

இதெல்லாம் சின்னக் கிறுக்கு. எரிந்துபோன மோட்டாருக்கு உள்ளே புதுச் செம்புக் கம்பி சுற்றி, ரீவைண்டிங் முடித்து அனுப்புவார்கள் இல்லையா? அப்படித் திரும்பி வரும் மோட்டாரின் தகட்டைக் கழற்றி டிபன் டப்பாவில் போட்டுவிடுவார். மின்சாரத்தை அது எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கும் என்ற தரம், 'ஐ.இ.3' என்று அந்தத் தகட்டில்தான் இருக்கும்.

"ஓடும் சார். ஆனா முன்ன மாதிரியே ஓடுதான்னு அளந்து பாக்காம எப்படிச் சொல்றது? பொய் சொல்ற தகடு அதுக்கு எதுக்கு?"

அப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், தொழிற்சாலையில் ஓடும் முப்பது மோட்டாரும் அந்தத் தரத்தில் இருந்தால்தான் சரக்கு எடுப்பேன் என்றார். நான் நாற்காலியை விட்டு எழாமலே 'முப்பதும் ஐ.இ.3' என்று எழுதிவிட்டேன். பராமரிப்பின் கையெழுத்து வேண்டும். நேம்பிளேட் போட மறுத்தார்.

"இருபத்தேழுதான் சார். மூணு தெரியாது."

அதைச் சரிபார்க்க வாடிக்கையாளர் அனுப்பிய தணிக்கையாளர் வரும் நாள் காலையில் மேனேஜர் அவரைக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, மூணு தகடுதானே? பத்து மணிக்குள்ள மாட்டிடு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வீட்லயே இரு."

ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருந்த மனுஷன். வெளியே வந்தார். சமாதானம் செய்ய என்னை அனுப்பினார்கள். அவர் டப்பாவைத் திறந்து, மூன்று தகடுகளையும் ஸ்க்ரூ டிரைவரையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்க மாட்டுங்க சார். நான் டார்ச் அடிக்கிறேன்."

குளிர்நீர் பம்பு அருகே மண்டியிட்டேன். முதல் திருகைப் பொருத்தும்போது, "ஒரு நிமிஷம். பொறங்கையை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன், வெடுக்கென்று எடுத்தேன். "இப்ப பக்கத்துல இருக்கிறதை." அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

"ரெண்டும் ஒரே வேலைதான் சார் செய்யுது. இது மட்டும் கரண்டை எரிச்சுக் குளிர் காயுது."

எத்தனையோ படிவங்களில் கூசாமல் எழுதியவன் நான். அன்று முடியவில்லை. மேஜைக்குத் திரும்பி வேறு படிவம் எடுத்து, 'இருபத்தேழு. மீதி மூன்று அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். அவர் போடுவதற்கு முன்பே என் கையெழுத்தைப் போட்டேன். வேலை போனால் இரண்டு பேருக்கும் போகட்டும்.

தணிக்கையாளர் அதை இரண்டு முறை படித்தார். டிபன் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மூன்றையும் மாற்ற அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டர் ஒரு மாதம் தாமதமாக வந்தது. அதுவரை மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வித்தையை நேம்பிளேட்டிடம் கற்றிருக்க வேண்டும். ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சு அதோடு நின்றது.

மறு வருடம் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு மாதம் கழித்து, பாதி உடம்போடு வேலைக்கு வந்தார். நெஞ்சில் தொங்கிய அடையாள அட்டை, பெயர் தெரியாதபடி திரும்பியிருந்தது.

"என்னங்க இது?"

"உள்ள ரிப்பேர் பார்த்திருக்கு சார். பழைய தகடு இனிமே செல்லாது."

முகத்தில் துளிச் சிரிப்பு இல்லை. நான் புறங்கையை அவர் நெற்றியில் வைத்தேன். அவசரப்படாமல் வைத்திருந்தேன்.

"சூடு இல்ல. அளந்தாச்சு" என்று அட்டையைத் திருப்பிவிட்டேன்.

பதினோரு வருடத்தில் அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். அவரும் அன்றுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.