கோழி குடியேறிய டிவிப் பெட்டி

ஒரு பொருள் செத்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் அதை வைத்திருப்பவருக்குக் கிடையாது. அதற்கென்று நாட்டில் இலாகாக்கள் இருக்கின்றன. இந்த அடிப்படை நிர்வாக உண்மை தெரியாமல், லுக்குட் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து எல்சி அக்கா, செத்துப்போன டிவிகளைக் கோழிக்கூடாக்கி விற்றுக்கொண்டிருந்தார்.

எல்சி அக்கா சிரம்பான் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஒன்றில் ஈயம் உருக்கி ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் கண்ணில் பட்டது மூலையில் கிடந்த பழைய டிவி. எழுபதுகளில் வந்த டிவிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரப்பெட்டி, நான்கு கால், முன்னால் இழுத்து மூடுகிற கதவு. கால் இருப்பதால் மழைத்தண்ணீர் ஏறாது. முதுகில் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் காற்று வரும். கதவை இழுத்து மூடிவிட்டால், கோழி திருடுகிற மூசாங் மரநாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கோழிக்கு இதைவிட நல்ல வீட்டை எந்தத் தோட்ட நிர்வாகமும் கட்டிக்கொடுத்ததில்லை; மனிதர்களுக்கே கட்டிக்கொடுத்ததில்லை.

அக்கா தொழிலாளர் வரிசைவீடுகளில் லயம் லயமாகப் போய்ப் படம் போன டிவிகளை வாங்கிவந்தார். உள்ளே கிடந்த கலர் ஒயர்களை உருவிக் கூடை பின்னினார். பெட்டியைக் கோழிக்கு விட்டார். இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வீட்டு அரிசியும் அந்தக் கூடுகளில்தான் முட்டையிட்டன.

வீட்டில் டிவி இருந்தால் வருஷா வருஷம் லைசென்ஸ் எடுக்கவேண்டிய காலம் அது. அப்போதுதான் டிவி லைசென்ஸ் பரிசோதகர் அமிர்தலிங்கம் ராசா டவுனிலிருந்து மோட்டாரில் வந்தார். வாசலில் டிவிகள் அணிவகுத்து நிற்பதைக் கண்டதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"இத்தனை டிவியா? லைசென்ஸ் எங்கம்மா?"

"டிவி இல்ல சார். கோழிக்கூடு."

"பெட்டி டிவிதானே?"

"பெட்டி டிவிதான். உள்ள கோழி."

அவர் குனிந்து பார்த்தார். அடைகாத்துக்கொண்டிருந்த சிவப்புக் கோழி அவரைத் திருப்பிப் பார்த்தது.

"படம் தெரியலைங்கிறது பழுது. பழுது உங்க பிரச்சினை. இலாகாவுக்குப் பெட்டிதான் கணக்கு. உள்ளே என்ன இருக்குன்னு நாங்க பார்க்கிறதில்லை."

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த நான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க முடியுமா?

"சார், டிவின்னா அலையை வாங்கணும். இது சோளத்தைத்தான் வாங்குது."

"ஆக, வாங்குதுன்னு ஒத்துக்கிறீங்க." எழுதிக்கொண்டார்.

"அப்போ இந்தக் கோழி டிவியில நடிக்குதா?"

"நடிச்சா அது நிகழ்ச்சி. நிகழ்ச்சிக்கு ஒளிபரப்பு அனுமதி வேற எடுக்கணும்."

"குஞ்சு பொரிச்சா?"

"புது நிகழ்ச்சி."

எல்சி அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "பாப்பா, போதும்லா! நீ இன்னும் ரெண்டு பாயின்ட் பேசினா என் சேவலை நடிகர் சங்கத்துல சேக்கச் சொல்வாரு."

அமிர்தலிங்கம் பெட்டிக் கதவுகளையெல்லாம் இழுத்து மூடி இலாகாவின் முத்திரைச் சீல் ஒட்டினார். சிவப்புக் கோழியின் பெட்டியில் மட்டும் ஒட்ட முடியவில்லை, அது கொத்தியது. நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது மூடக்கூடாது என்று அந்த இடத்திலேயே ஒரு விதியைக் கண்டுபிடித்து, விரலைச் சப்பிக்கொண்டே போய்விட்டார்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "லைசென்ஸ் எடுத்தாத்தான் சீலு பிரிப்பாராம். சீலு பிரிச்சாத்தான் நான் விக்க முடியும். வித்தாத்தான் லைசென்ஸ் எடுக்க முடியும். புள்ளைங்களுக்கு என்னத்த ஆக்கிப் போடுவேன்?"

"நான் அன்னிக்கே சொன்னேன்லா," என்றார் அடுத்த வீட்டுத் தாயம்மா. "டிவிக்குள்ள கோழிய விடாத, கோழிக்குத் திமிரு வந்துரும்னு."

அக்காவைக் காப்பாற்றியது நியாயம் அல்ல. என் வாதமும் அல்ல. ஃபேஷன்.

அந்த வருஷம் தலைநகரில் 'மறுபயன்பாடு' என்று ஒரு சொல் புதிதாக இறங்கியிருந்தது. குப்பையிலிருந்து கைவினைப் பொருள் செய்து இலாகாவின் ஒவ்வொரு கிளையும் கண்காட்சியில் வைத்தே தீரவேண்டும் என்று மேலிடம் கட்டளையிட்டது. கிளையில் யாருக்கும் கையும் இல்லை, வினையும் இல்லை. ஆகவே அமிர்தலிங்கம் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"மாநிலத்தின் முன்னோடிப் பெண்மணி எல்சி அவர்களே!"

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"சீலு ஒட்டியிருக்கே சார்?"

"அதுவா? அது சும்மா அலங்காரத்துக்கு." நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"சரி, செஞ்சு தரேன். பழைய டிவி குடுங்க. உங்க ஸ்டோர்ல செத்தது மலையாக் கெடக்குன்னு சொல்றாங்களே?"

"ஐயோ, அது அரசாங்கச் சொத்தும்மா. செத்துப்போச்சுன்னு குழு கூடி முடிவு பண்ணணும். குழுவுக்குத் தலைவரா இருந்தவரு ரிட்டையர் ஆயிட்டாரு."

"அப்புறம் எதுல செய்யறது?"

"புதுசா வாங்கிட்டோம். லாரி பின்னால வருது."

வந்தது. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காத, பளபளவென்ற பிளாஸ்டிக் டிவிகள். அக்கா ஒன்றை எடுத்துச் செருகிப் பார்த்தார்.

"சார், படம் கண்ணாடி மாதிரி தெரியுதே!"

"அதான் அவசரம். படம் தெரியற வரைக்கும் அது குப்பை ஆகாது. சீக்கிரம் கழட்டுங்க."

நான் வாயைத் திறந்தேன். அக்கா ஒரு பிடி மிக்சரை அள்ளி அதில் போட்டார்.

"உள்ள இருக்கிறதை என்ன சார் பண்றது?"

"அது குப்பை. குப்பைக்கும் இலாகாவுக்கும் சம்பந்தமில்லை."

கோழிகளெல்லாம் டிவிக்குக் குடிபோய்விட்டதால் கொல்லையில் பழைய பலகைக் கூடு ஒன்று காலியாகக் கிடந்தது. உயிரோடு கழற்றிய உறுப்புகளையெல்லாம் அக்கா அதற்குள் அடுக்கி வைத்தார்.

கண்காட்சி மகத்தான வெற்றி. ராசாவிலும் லோபாக்கிலும் டிவிக் கோழிக்கூடு வைக்காத வரவேற்பறை பண்பாடு இல்லாத வரவேற்பறை என்று ஆகிவிட்டது. கோழி மட்டும் கிடையாது. தரைவிரிப்பு பாழாகிவிடும் அல்லவா. ஆனால் கோழி வாசம் கட்டாயம் வேண்டும். "அசல் தோட்டத்து வாசம் இருக்கா?" என்று கார் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்கள் சீமாட்டிகள்.

தோட்டத்தில் யார் சும்மா இருப்பார்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவிகளைக் குடலை உருவி, வாசம் ஏறும்வரை உள்ளே கோழியை அடைத்து, விற்றுத் தீர்த்தார்கள். முதலில் உருவியவர் தாயம்மா. எங்கள் பல்கலைக்கழகத்திலும் மறுபயன்பாட்டுக் கழகம் தொடங்கினோம். கழகச் செயலாளர் என்ற முறையில் என் விடுதி அறையிலும் ஒரு கூடு இருந்தது. படிக்காத புத்தகங்கள் அதில் அடைகாத்தன.

நான் மறுபடி விடுமுறைக்கு வந்தபோது, லயத்தில் கடைசி டிவியும் விற்றுப்போன அந்த வாரத்தில், டிவியில் தமிழ்ப்படம் போடுகிற நாள் வந்தது. லயத்துக் கூரைகளில் ஏரியல் நின்றது. கீழே டிவி இல்லை. வாரம் முழுவதும் பால் வெட்டிவிட்டு அந்த ஒரு படத்துக்காகக் காத்திருக்கிற சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

எல்சி அக்கா கொல்லைக்குப் போய், பலகைக் கூட்டுக்குள் கிடந்த உறுப்புகளை அதற்குள்ளேயே பூட்டினார். கழற்றியவருக்குப் பூட்டத் தெரியாதா? ஏரியல் ஒயரை இழுத்துச் செருகினார். கம்பிவலைக்குப் பின்னால் கதாநாயகன் ஓடிவந்தான். தோட்டமே கூட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

பாதிப் படத்தில் மோட்டார் சத்தம். அமிர்தலிங்கம்.

"லைசென்ஸ்?"

"எதுக்கு சார்?" அக்கா எழுந்திருக்கவே இல்லை.

"டிவிக்கு."

"டிவி எங்க சார்?"

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பலகை. கம்பிவலை. காய்ந்த எச்சம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கோழிக்கூடு.

"பெட்டிதான் கணக்கு, உள்ள என்ன இருக்குன்னு பாக்கறதில்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

அமிர்தலிங்கம் நேர்மையானவர். விதியை மீறி அவருக்குப் பழக்கமில்லை. நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "சரி. இது கோழிக்கூடுதான். அப்படின்னா இதுக்கு முன்னால உக்காந்திருக்கிற நீங்கல்லாம் யாரு?"

கூட்டம் மூச்சைப் பிடித்தது. கதாநாயகன் அப்போது மாடியிலிருந்து குதிக்கப் போனான்.

"கோழிங்கதான் சார்," என்றார் தாயம்மா. "கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது."

அப்படியே எழுதிக்கொண்டு, தாயம்மாவுக்குப் பக்கத்தில் அவரும் உட்கார்ந்தார்.

இலாகாக்களுக்குள் ஒத்துழைப்பு இல்லை என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். அடுத்த படத்தன்று கால்நடை இலாகாவிலிருந்து ஒருவர் ஐஸ்பெட்டியும் ஊசியுமாக வந்து கூட்டை மறித்துக்கொண்டு நின்றார். அமிர்தலிங்கத்தின் நோட்டில் பதிவான கோழிகள் அனைத்துக்கும் தடுப்பூசி. போட்டுக்கொண்ட பிறகே கூடு திறக்கப்படும்.

இதற்குமேல் பொறுப்பதா? நான் எழுந்தேன். மனித மாண்பு என்றால் என்ன, குடிமகன் என்பவன் யார், அரசாங்கம் யாருக்காக என்று அடுக்கிக்கொண்டே போனேன். கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினால் பின்னால் யாரும் இல்லை. எல்லாரும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் அமிர்தலிங்கம்.

"பாப்பா, பேசறத வரிசையில நின்னு பேசு," என்றார் எல்சி அக்கா. "படம் ஆரம்பிக்கப் போவுது."

நின்றேன். ஊசியை இறக்கையில்தான் போடவேண்டும் என்று விதி இருப்பதாக அந்த மனிதர் சற்று வருத்தப்பட்டார். மற்றபடி படம் நன்றாக இருந்தது.