பத்தொன்பதாவது உருப்படி

பொதுமக்கள் நலனை முன்னிட்டு மாவட்டச் சாலைப் பாதுகாப்பு வாரியம் ஒரு முடிவு எடுத்துச்சு: இனி எந்த மாடும் அனுமதியில்லாம நெடுஞ்சாலையைக் கடக்கக் கூடாது.

ஷெர்காஜிக்கு வீடும் தொழுவமும் சாலைக்கு இந்தப் பக்கம், மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம். நடுவுல ஏரிக்குப் போற காரும் எல்லைக்குப் போற லாரியும் மூச்சு விடாம ஓடும். மூணு மாசம் நடையா நடந்து காகிதம் வாங்கினார். "மேற்படி பத்தொன்பது உருப்படிகளும், செங்கொடி காட்டி, ஏழு நிமிடத்துக்கு மிகாமல், தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கலாம்."

முதல் நாள் காலையில கொடியைத் தூக்கினார். நாப்பது டன் லாரியே நின்னுச்சு. போனது பதினெட்டு மாடு. புள்ளிப்பசு அன்னைக்குத்தான் கன்னு போட்டதால தொழுவத்துலயே இருந்துச்சு.

சாயங்காலம் மாடுகளைத் திருப்பி ஓட்டிட்டு வந்தா, சாலையோட வடக்கு ஓரத்துல வாரியத்து ஆய்வாளர் நூர்தோலோத் காரை நிறுத்திட்டு நிக்கிறார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"வீட்டுக்குத்தான், தம்பி. பால் கறக்கணும்."

"காகிதத்துல தெற்கேயிருந்து வடக்கேன்னுதானே இருக்கு? திரும்பி வர்றதுக்குத் தனி விண்ணப்பம் போடணும். பதினஞ்சு வேலை நாள் ஆகும்."

"அதுவரைக்கும் மாடு?"

"வடக்குலயே வசிக்கட்டும். வாரியத்துக்கு ஆட்சேபணை இல்ல."

மடியிலேர்ந்து பால் சொட்டுது. எதிர்ப்பக்கம் தொழுவத்துல கன்னுங்க கத்துற கத்துல லாரிச் சத்தமே கேக்கல. இன்னும் ஒரு மணி நேரம் போனா மடி கல்லாயிடும். ஷெர்காஜி தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார்.

அந்த நேரம் பார்த்து அவர் சம்சாரம் சோனுன், எதிர்ப்பக்கம் வீட்டு வாசல்ல ரொட்டியும் கையுமா வந்து நின்னா.

"ஏய்யா! வந்த ஆளை ரொட்டி தொடாம அனுப்பிடாதே!"

நூர்தோலோத் முகம் மாறிடுச்சு. ரொட்டின்னு கூப்பிட்ட பிறகு ஒரு துணுக்காவது கிள்ளி வாயில போடாம போனா, போற வழி விளங்காதுன்னு அவங்கம்மா சொல்லி வளர்த்த பிள்ளை. அதுலயும் அவருக்கு வேலையே வழி சம்பந்தப்பட்டது.

ஒரு காலை ரோட்டுல வச்சார். லாரி வந்துச்சு. எடுத்தார். மறுபடி வச்சார். கார் வந்துச்சு. அரை மணி நேரம் இதே வேலை.

"அண்ணே, அந்தக் கொடியைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

"விதியில கொடி மாட்டுக்கு மட்டும்னு போட்டிருக்கே, தம்பி. மனுசனுக்குக் காட்டினா என் அனுமதி ரத்தாயிடும்."

"அப்ப நான் எப்படிண்ணே கடக்கிறது?"

ஷெர்காஜி காகிதத்தை நிதானமா விரிச்சார். "பத்தொன்பது உருப்படிக்கு அனுமதி. பதினெட்டுதான் இருக்கு. ஒரு இடம் காலி."

ஆய்வாளர் மாடுகளைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தக் காகிதத்துல "மற்றும் திரும்பவும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். செவலைக்கும் கொம்பிக்கும் நடுவுல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஏழு நிமிடத்துக்கு மிகாமல் கடந்தார்.

"நல்லா வந்தீங்க. முட்டாம வந்தீங்க," என்று சோனுன் ரொட்டியை நீட்டினா.

இதை ஊரே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் அந்தப் பக்கம். ஆள் கடக்க வழி கேட்டுப் பதினோரு வருஷமா மனு போட்டும் பதில் இல்லாத ஊரு. மறுநாள் காலையில மாட்டோட மாடா நர்ஸம்மா நின்னாங்க, தலைமையாசிரியர் நின்னார், கல்யாணப் பொண்ணு ஒண்ணு முக்காட்டோட நின்னுச்சு.

வாரியம் சும்மா இருக்குமா? பத்தே நாள்ல சுற்றறிக்கை வந்துச்சு: மந்தையோடு கடப்போர் யாவரும் உருப்படிகளாகக் கருதப்படுவர், எண் பொறித்த மஞ்சள் வில்லை அணிய வேண்டும், எண் வரிசைப்படியே கடக்க வேண்டும்.

அதுக்கு ஊர்ல ஒருத்தரும் ஆட்சேபணை சொல்லல. தலைமையாசிரியர் மட்டும் மனு எழுதினார்: "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். எனக்குப் போய் நாப்பத்தொண்ணா? நர்ஸுக்கு எப்படி இருபத்திமூணு?"

வில்லை குடுத்த அன்னைக்கு மாடுங்க வடக்குல மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எண் வாங்க அதுங்களை யாரும் வரிசையில நிறுத்தல. அதனால அதுங்களுக்குக் கடைசி எண்கள். அன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து, இருநூத்திப்பத்து பேர் திரும்பிக் கடந்து முடியறதுக்குள்ள ஏழு நிமிடம் தீர்ந்து லாரி கிளம்பிடுது. பத்தொன்பது மாடும் நிறைஞ்ச மடியோட வடக்குலயே நிக்குது.

ஷெர்காஜி வாரியத்துக்கு ஓடினார். நூர்தோலோத் அன்பா நாற்காலி போட்டு, தேநீரும் ரொட்டியும் வரவழைச்சுக் குடுத்தார்.

"நியாயம்தான் அண்ணே. ஆனா இது மக்கள் கடக்கிற வழியாச்சே. மாடுகளுக்குன்னு தனியா ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்களேன்?"