குற்றாலத்தில் போன மேல்வரிசை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே மரியாதை என்ற ஒன்று அடியோடு அழிந்து போகுமானால், அதற்கான முழுப் பொறுப்பும் ஒரே ஒரு பெண்ணைச் சேரும். அவளுடைய இயற்பெயரை நான் அறியேன். ஆட்சியர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோரையும் அவள் "செல்லம்" என்றே அழைப்பாள். ஆகவே ஊரும் அவளைச் செல்லம் என்றே அழைக்கிறது. வயது இருபத்து நான்கு இருக்கலாம். தென்காசியில் ஒரு பல் மருத்துவரின் பின்னறையில் அமர்ந்து, நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டே பிறருக்குப் பல் செட் செய்வது அவளது தொழில்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவன். என் எதிரே கால்மேல் கால் போட்டு அமர்ந்த மாணவன் ஒருவனும் இல்லை. என் மேல்வரிசைப் பற்கள் அனைத்தும் செயற்கை என்பது என் மனைவிக்கும், மதுரையில் அவற்றைப் பொருத்திய மருத்துவருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. உள்ளூரில் செய்தால் ஊர் அறிந்துவிடும் என்றே மதுரை வரை சென்றேன்.

சென்ற சாரல் பருவத்தில், ஒரு புதன்கிழமை காலை, மெயினருவிக்குக் குளிக்கச் சென்றிருந்தேன். தண்ணீர் நன்றாக விழும் இடத்தை மூன்று இளைஞர்கள் அடைத்துக்கொண்டு கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு முதியவர் நிற்கிறாரே என்ற உணர்வு ஒருவருக்கும் இல்லை. "பெரியவர்களுக்கு வழிவிடக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பெரிய" வரைதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை அருவி எடுத்துக்கொண்டது, என் மேல்வரிசையையும் சேர்த்து.

"ஏலே, தாத்தா என்னமோ சொல்லுதாரு."

"குளுருதுன்னு சொல்லுதாரா இருக்கும். கையப் புடிச்சு உள்ள இழுலே, நல்லா நனைஞ்சா குளுரு போயிரும்."

இழுத்தார்கள். நனைந்தேன். பற்கள் சிற்றாற்றோடு போய்விட்டன.

அந்த வார ஞாயிறு காலை பத்து மணிக்கு இலஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் மூத்தோர் மன்றத்தின் ஆண்டுவிழா. சிறப்புரை நான். தலைப்பு: "இன்றைய இளைஞரிடம் மரியாதை." அழைப்பிதழ் அச்சாகி, கீழப்பாவூரிலிருந்து ராயகிரி வரை போய்ச் சேர்ந்திருந்தது. ஒட்டிய வாயோடு அந்த மேடையில் நின்று ஒரு வாக்கியம் குழறினால், முப்பத்து நான்கு ஆண்டுகள் காத்த என் பெயர் ஒரே காலையில் போய்விடும். மதுரைக்குப் போய் வர நாள் போதாது. உள்ளூர் மருத்துவரிடமே அன்று தொலைபேசியில் விவரத்தை மனைவி மூலம் சொல்லி, மறுநாள் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு சென்றேன்.

காத்திருக்கும் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் தலையை நீட்டினாள்.

"அருவியில பல்லைத் தொலைச்சது யாரு?"

நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் மூன்று பேர் எழுந்து நின்றார்கள்! மூவரும் வெளியூர்ப் பயணிகள். மூவர் வாயிலும் துண்டு.

"நாலு பேர்ல்லா இருக்கணும்? அந்தா, தூண்ல மறைஞ்சு இருக்கே, நீதான செல்லம்? எந்திரிச்சு வா."

நீ! என் தந்தை மறைந்த பிறகு என்னை அவ்வாறு ஒருமையில் அழைத்தவர் எவருமில்லை. உள்ளே சென்றதும் பையிலிருந்த காகிதத்தில், "நான் ஓய்வுபெற்ற பேராசிரியர்" என்று எழுதி நீட்டினேன். அவள் அதை வாசித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, பேராசிரியர் செல்லம். வாயத் தொற."

அளவெடுக்கும் மாவை வாய்க்குள் அழுத்திவிட்டு, அது இறுகும்வரை தன் வீரப் பிரதாபங்களைச் சொன்னாள். வாயில் மாவோடு இருப்பவன் மறுத்துப் பேச முடியாதல்லவா? ஒரு காவல் ஆய்வாளர் இதே நாற்காலியில் அமர்ந்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று உறுமினாராம். "தெரியுமே. கடவாப்பல்லு ரெண்டு இல்லாதவன். தொற செல்லம்" என்றாளாம். அவர் திறந்தாராம். முன்னறையில் மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். இவளை ஏன் வேலையில் வைத்திருக்கிறீர்கள் என்று பிறகு எழுதிக் கேட்டேன். "இவ செஞ்ச செட்டு ஒன்னுகூட திரும்பி வந்ததில்ல சார்" என்றார் அந்த அப்பாவி.

வெள்ளிக்கிழமை சரிபார்க்கச் சென்றபோது அலமாரியில் சிறு பெட்டிகளைக் கண்டேன். எதிலும் பெயர் இல்லை. 'மீசை', 'முறுக்கு ஆச்சி', 'சும்மா அழுவுதவரு' என்று சீட்டு ஒட்டியிருந்தது. என் பெட்டியில் 'கோவம்'. என்ன ஒழுங்கீனம் இது என்று கையால் சைகை செய்தேன்.

"பேரு எழுதுனா எவன் கண்ணுலயாவது படும். அப்புறம் யாரு பல்லு பொய்ப்பல்லுன்னு ஊரே பேசும். ஒனக்கு அது பரவால்லயா?" என்றாள்.

எனக்கு அது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை பல் தயாரானது. "புது செட்டு, ரெண்டு நாளைக்கு ஆடும். சத்தம் போட்டுப் பேசாத, செல்லம்" என்று எச்சரித்து அனுப்பினாள். ஞாயிறன்று மண்டபத்தில் பார்த்தால், சிறப்பு விருந்தினருக்கான முதல் வரிசையில், மடியில் ஹெல்மெட்டுடன், கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள்! "என் செட்டு மொத நாளே மைக்குக்கு முன்னால போவுது, நான் வராம எப்படி?" என்று வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

இருபது நிமிடம் உரை ஆற்றொழுக்காகச் சென்றது. உணர்ச்சி மேலிட்டது. "இன்றைய இளைஞன் மூத்தோர் முன்னே எழுந்து நிற்கிறானா?" என்று குரலை உயர்த்தினேன். மேல்வரிசை கழன்று கீழ்வரிசையின்மேல் அமர்ந்தது.

வாயை மூடிக்கொண்டேன். திறந்தால் பல் மைக்கில் விழும். மூடிய நிலையில் ஒரு கணம், இரண்டு கணம். மண்டபம் முழுவதும் என்னையே பார்த்தது. கையை வாயருகே கொண்டு போகவும் வழியில்லை.

முதல் வரிசையில் அவள் எழுந்தாள்.

"ஏ செல்லம்! எவ்வளவு நேரம் அறுப்பே? ஆளுக பசியில கெடக்குல்லா? முடி!"

மண்டபம் பதறியது. இருநூறு தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. நான் தண்ணீர் அருந்துபவன்போல் பின்புறம் திரும்பி, கட்டைவிரலால் பல்லை மேலே அழுத்திப் பொருத்தினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

மன்றச் செயலாளரான அண்ணாச்சி அவளை நோக்கி ஓடினார். "ஏட்டி, யாரு வீட்டுப் பிள்ள நீ? ஐயா யாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"என்னையவிட யாருக்குத் தெரியும்?" என்றாள்.

பல் விஷயம் வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"வளத்த லெச்சணத்தப் பாருங்க! வெளிய போ மொதல்ல!"

"போறேன். தள்ளு செல்லம்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடு வழியே நடந்து போனாள். இருபுறமும் வசை விழுந்தது.

நான் உரையைத் தொடர்ந்தேன். அவள் செய்து தந்த பற்களைக் கொண்டு அவளுக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றியுரையில் அண்ணாச்சி, "ஐயா சொன்னதுக்கு உதாரணம் நேர்லயே வந்து நின்னுட்டுப் போயிருக்கு" என்றதும் எழுந்த கைதட்டலைப் போல என் வாழ்நாளில் நான் வாங்கியதில்லை. அதைத் தலை வணங்கி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் அவளிடம் சென்றேன். வருத்தம் தெரிவிக்க நான்கு வாக்கியங்கள் சிந்தித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே வாய்க்குள் விரலை விட்டுவிட்டாள்.

"பல்லு விழுந்தா எல்லாரும் ஒன்னையப் பாப்பாங்க. நா கத்துனா என்னையப் பாப்பாங்க. எனக்கென்ன, நானா மேடையில பிரசங்கம் பண்ணுதேன்? நல்லாக் கடி."

சென்ற வாரம் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். என் உரையை மன்ற மலரில் அச்சிடுகிறார்களாம். அந்தப் பெண் செய்த அடாவடியையும் ஒரு பாடமாகக் கூடவே சேர்க்கிறார்களாம். "ஐயா கையாலயே எழுதிக் குடுங்க" என்றார். எழுதிவிட்டேன், அண்ணாச்சி. நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருப்பது அதுதான். மலரில் இதையே போடுங்கள். என் மேல்வரிசை முழுவதும் பொய்ப்பல். அந்தப் பெண்ணைக் குறித்து மண்டபத்தில் பேசப்பட்டதும் பொய்.

அவள் பேசும் முறையை நான் ஏற்றுக்கொண்டுவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். மூத்தவரை ஒருமையில் அழைப்பது பிழை. இன்றும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அடைகிறேன். பல் இப்போது கச்சிதமாகப் பொருந்திவிட்டது, எந்தக் குறையுமில்லை. இருந்தாலும் ஓரத்தில் லேசாக உரசுகிறது என்று சொல்லி, வரும் வியாழக்கிழமைக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன்.